சித்திரை விடுமுறையும் நுவரெலியாப் பயணமும்

சித்திரை மாதம் நெருங்கும்போது ஊவா மலைத் தோட்டங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. பசறையிலும் லுணுகலையிலும், நமுனுகலைச் சரிவிலும் அப்புத்தளைப் பக்கத்திலும் உள்ள லயங்களில், இவ்வருடமாவது பிள்ளைகளை நுவரெலியாவுக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று பெற்றோர் எண்ணுவர். எண்ணுவது எளிது, நிறைவேற்றுவது அத்துணை எளிதன்று. கொழுந்து பறிப்பவருக்கு வேலைக்குப் போகாத நாள் செக்ரோலில் பேர் விழாத நாளாகும். ஆகவே, பயணச் செலவு என்பது பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் மட்டுமன்று. இழக்கும் சம்பளமும் அதில் அடங்கும். இவ்வளவு கொடுத்துப் பெறும் ஒரு நாள் நெரிசலிலும் களைப்பிலும் வீணாகாதிருக்க வழி என்ன?

முதலில் நெரிசலின் காரணத்தை அறிதல் வேண்டும். ஏப்ரல் மாதம் நுவரெலியாவின் வசந்தகாலம். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், ஏரியிற் படகோட்டம் ஆகியன அம்மாதத்திற்கு உரியவை. பாடசாலை விடுமுறையும் புத்தாண்டும் அப்பொழுதே வருகின்றன. கொழும்பில் வெயில் கொளுத்தும் காலமும் அதுவே. ஆதலால் பல திசை மக்களும் ஒரே வாரத்தில் அச்சிறு நகரிற் கூடுகின்றனர். சனி, ஞாயிறு நீங்கலான ஒரு நாள் கிடைக்குமாயின் அதுவே நன்று. விடுமுறை நாளன்றித் தோட்டத்தை விட்டுப் புறப்பட இயலாதவர்கள், நாளை மாற்ற முடியாவிடினும் நேரத்தையும் வரிசையையும் மாற்றிக்கொள்ளலாம்.

மேல்நாடுகளிலுள்ள பெரிய கேளிக்கைப் பூங்காக்களுக்குச் செல்வோர் ஓர் உபாயத்தைக் கையாள்வர். வாயில் திறந்தவுடனே சென்று, கூட்டம் மொய்க்கும் முன்பகுதியை விட்டு, உட்கோடியிலிருந்து பார்க்கத் தொடங்குவர். ஊவா மக்களுக்கு இவ்வுபாயம் இயல்பாகவே வாய்த்திருக்கின்றது. கொழும்பு, கண்டிப் பக்கத்தார் நேரே நகரத்தினுள் வந்து ஏரியையும் பூங்காவையும் சூழ்ந்து நிற்பர். பதுளையிலிருந்து ஹாலி-எலை, வெலிமடை வழியாக வருபவர்களோ, நகருக்கு முன்பே ஹக்கலைப் பூந்தோட்டத்தை அடைவர். அதிகாலையிற் புறப்பட்டு அங்கே முதலில் இறங்குவது நலம்.

ஹக்கலை 1861ஆம் ஆண்டில் சிங்கோனா மரம் வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. அம்மரத்தின் பட்டையிலிருந்தே மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குவினைன் எடுக்கப்பட்டது. அங்கிருந்து சிறிது தூரத்திற் சீதாஎலியவில் சீதையம்மன் கோயில் இருக்கின்றது. அதன்பின் நகரை அடைந்து, 1873இல் தேசாதிபதி வில்லியம் கிரகரி காலத்தில் அமைக்கப்பட்ட ஏரியையோ, 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாகப் பெயர்பெற்ற பூங்காவையோ காணலாம். இரண்டையும் அவசரமாக ஓடிப் பார்ப்பதைவிட, பிள்ளைகள் விரும்பும் ஒன்றில் ஆறுதலாக இருப்பது மேல். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து கொண்டால், வழியில் மனத்தாங்கல் நேராது.

காலையிற் செல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஏப்ரலில் மலைநாட்டில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம். மேலும், பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்க, நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும். ஆகவே, பதுளையில் வியர்க்கும் குழந்தைக்கு அங்கே கம்பளிச் சட்டை தேவைப்படும். வளைவு மிகுந்த வழியாதலால், புறப்படுமுன் வயிறு நிறைய உண்ணாமல் இருப்பதும் நல்லது. ரொட்டியும் சம்பலும் கொதித்தாறிய நீரும் வீட்டிலிருந்து கொண்டுசென்றால், வசந்தகால விலைக்கு அஞ்ச வேண்டியதில்லை. திரும்பி வருவதற்கான கட்டணத்தை முதலிலேயே தனியே முடிந்து வைத்தல் வேண்டும். சிறுவர்களின் சட்டைப்பையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய தாளை வைத்து, தவறிப்போனால் எங்கே வந்து நிற்பது என்பதையும் சொல்லிவைக்கலாம்.

யாவற்றினும் முக்கியமானது வழியின் பாதுகாப்பு. 2025 செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்று திரும்பிக்கொண்டிருந்த பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியால் மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் வீதிகளும் பல இடங்களில் மண்சரிவுக்கு உள்ளாயின. ஆதலின், புறப்படும் முன்னாளில் பாதையின் நிலையையும் வண்டி நேரத்தையும் விசாரித்தறிவது கடமையாகும். மிதிபலகையில் தொங்கவேண்டிய அளவு நிறைந்த பஸ்ஸில் குழந்தைகளுடன் ஏறாது அடுத்ததற்குக் காத்திருக்கலாம். பிற்பகல் மூன்று மணியளவிற் புறப்பட்டால் மலைவழியை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம். யாருக்கேனும் ஆபத்து நேரின் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும்.

இவ்வருடம் கையிலே பணம் போதாதவர்கள் மனம் வருந்த வேண்டியதில்லை. பதுளைக்கு அருகிலேயே துன்ஹிந்தை நீர்வீழ்ச்சி 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகின்றது. அதற்கும் அதிகாலையே உகந்த வேளை. எங்கே சென்றாலும், மறுநாட் காலை பிரட்டுக்களத்திற்கு நேரத்தோடு செல்லக்கூடிய உடல்நலத்துடன் வீடு திரும்புவதே நன்கு திட்டமிட்ட பயணத்திற்கு அடையாளமாகும்.