ஒரே கதவு எண், வேறு செக்டர்

மும்பையின் சீத்தா கேம்புக்குப் பக்கத்தில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம். 1976இல் அதன் நிலத் தேவைக்காக ஜனதா காலனியை இடித்து, தமிழர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோரை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அதே மையத்தில் 1991இல் அனுபம் என்ற இணைக்கணினி பிறந்தது. ஒரே கணக்கைப் பல பிராசசர்கள் பங்கிட்டு, இடைவிடாமல் தகவல் பரிமாறிப் போட்டு முடிக்கும் ஏற்பாடு அது. இன்றைய கணினிக் கொத்துகளில் அந்தப் பரிமாற்றத்தை 'ஓப்பன் எம்பிஐ' போன்ற மென்பொருள்கள் நடத்துகின்றன. ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு மூன்று நெட்வொர்க் கார்டுகள் இருக்கும். என் எந்தக் கார்டிலிருந்து உன் எந்தக் கார்டுக்குப் பாதை உண்டு? வேலை தொடங்குமுன் இதற்கு விடை வேண்டும்.

எளிய வழி, முகவரிகளை ஒப்பிடுவது. இரண்டும் ஒரே வலையைச் சேர்ந்த பொது முகவரிகள் என்றால் அதிக மதிப்பெண். வெவ்வேறு வலைகளின் தனியார் முகவரிகள் என்றால் குறைவு. பிறகு, மொத்த மதிப்பெண் மிகும்படி கார்டுகளை ஜோடி சேர்ப்பார்கள். ஆனால் முகவரி ஒத்திருப்பது பாதைக்குச் சான்றாகாது. கேம்பில் கதவு எண்ணோடு செக்டரையும் சொன்னால்தான் வீடு கிடைக்கும், 10, 192.168 என்று தொடங்கும் தனியார் முகவரிகளும் அப்படித்தான், தங்கள் வலைக்குள் மட்டுமே பொருள் உள்ளவை. டாக்கர் என்ற மென்பொருளை நிறுவிய கணினிகளில் வழக்கமாக 172.17.0.1 என்ற ஒரே முகவரி இருக்கும். பார்வைக்கு நெருங்கிய அண்டை வீடு. நடுவே வழியே கிடையாது.

இணைத்துப் பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். 1000 கணினிகள், தலைக்கு 3 கார்டுகள் என்றால் ஏறக்குறைய 45 லட்சம் ஜோடிகள். பதில் வராத ஒரு முயற்சியைக் கைவிட லினக்ஸ் இயல்பாக இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதனால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் வழிப்பட்டியலைக் கேட்பதே மேல் என்பது என் கருத்து. நெட்லிங்க் என்ற இடைமுகத்தின் வழியாகக் கேட்டால், இந்தக் கார்டில் புறப்பட்டால் அந்த முகவரிக்கு நேர்வழியா, கேட்வே வழியா, வழியே இல்லையா என்று அது சொல்லிவிடும். அதற்கும் முதல் அடி மட்டுமே தெரியும். அப்பால் ஒரு ஃபயர்வால் மறித்தால் அதற்குத் தெரியாது. டாக்கர் முகவரியிலும் அது ஏமாறும். எந்தக் கார்டுகளை விலக்க வேண்டும் என்று நிர்வாகி எழுதிவைக்கும் வசதி அதற்காகவே இருக்கிறது. எல்லாவற்றையும் அவரே எழுதட்டும் என்பதை மட்டும் ஏற்க முடியாது: கொத்தில் ஒரு கார்டு மாறினாலும் அந்தப் பட்டியல் பழசாகிவிடும்.