டைகரோடு காட்டுக்குள்...

பெயர்தான் டைகர். இடி இடித்தால் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். சாலையோரத்தில் கிடைத்த நாட்டு நாய். வாரம் முழுவதும் காலை நிகழ்ச்சிக்காக விடியுமுன் எழும் எனக்கு, ஞாயிறும் தூங்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆறரைக்கே கட்டிலருகே வந்து நிற்பான்.

நாங்கள் வழக்கமாகப் போவது பெட்டாலிங் ஜெயாவின் புக்கிட் காசிங். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த குன்றைக் காடு மெல்ல மீட்டுக்கொண்டிருக்கிறது. பால்மரக் காய் வெடித்து விதை சிதறினால் டைகர் காதை விறைப்பான். எனக்கோ தோட்டத்தில் மரம் வெட்டிய பாட்டியின் ஞாபகம் வரும்.

சில மாதங்களுக்கு முன், ‘ஆள் யாரும் இல்லையே’ என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். வளைவில் ஒரு குரங்குக் கூட்டம். வயிற்றில் குட்டியோடு ஒரு தாய்க்குரங்கு தரையில் இருந்தது. டைகர் பாய்ந்தான். மரமெல்லாம் அலறல். பிறகு ஒரே அமைதி.

முக்கால் மணி நேரம் பெயர் சொல்லிக் கத்தினேன். குரலை வைத்துப் பிழைக்கும் எனக்குக் குரலே போய்விட்டது. கடைசியில் ஒரு சீனப் பெரியவர் தன் இடுப்பு வாரில் கட்டி அவனை அழைத்து வந்தார். காது கிழிந்து ரத்தம். நான் நன்றி சொல்வதற்குள் அவர் மலாயில் கேட்டார்: “குரங்குக் குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே?”

அதுவரை அந்தக் குட்டியை நான் நினைக்கவே இல்லை.

இப்போது கயிறு என் கையை விட்டுப் போவதில்லை. எல்லாக் காட்டிலும் நாய்க்கு அனுமதி இல்லை, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுதும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஈரக்காற்றில் அதுவும் சிரமம். அதனால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். தேங்கிய நீரைக் குடிக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் வரலாம், அதற்குத் தடுப்பூசி உண்டு. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். நாயைத் தொட விரும்பாதவர்களும் பயப்படுபவர்களும் நம் ஊரில் அதிகம். வீடு திரும்பியதும் காது, விரலிடுக்குகளில் உண்ணி, அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

போன ஞாயிறு அதே வளைவில் மறுபடியும் அந்தக் கூட்டம். கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவை கடந்து போகும்வரை டைகர் என் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றான். உண்மையைச் சொன்னால், நானும்தான் பயந்திருந்தேன்.