சுவருக்குள் காத்திருக்கும் உண்ணி

திருச்சி தென்னூரின் நெருக்கமான தெருக்களில் நாய் வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். நாயைக் குளிப்பாட்டி, உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். ஒரே வாரத்தில் காது மடலிலும் விரலிடுக்கிலும் மறுபடி உண்ணி. தெருநாயிடமிருந்து தொற்றியது என்று நினைப்போம். பல வீடுகளில் அது வருவது சொந்தச் சுவரிலிருந்துதான்.

நம் ஊர் நாய்களில் அதிகம் காணப்படுவது பழுப்பு நாய் உண்ணி. இது பூச்சியினம் அல்ல. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால், அடுத்த பருவத்திலிருந்து எட்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு முறை நாய்மேல் ஏறி, சில நாள் இரத்தம் குடித்து, கீழே விழுந்துவிடும். பிறகு ஏதாவது இடுக்கில் ஒளிந்து தோலுரிக்கும். வயிறு நிறைந்த பெண் உண்ணி ஆமணக்கு விதைபோல உப்பி, சுவரேறி, நிலைக்கதவின் விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். ஆக, நாயின் மேல் அது இருப்பது சில வாரமே. மீதி ஆயுள் முழுக்க வீட்டின் இடுக்குகளில். வளர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேல்கூடப் பட்டினி கிடந்து காத்திருக்கும்.

காத்திருக்கும் உண்ணிக்கு மோப்பம் முன்னங்காலில். அங்குள்ள ‘ஹாலர் உறுப்பு’ நாய் விடும் மூச்சின் கரியமில வாயுவையும் உடலின் வாடையையும் வெப்பத்தையும் உணர்ந்துவிடும். கடித்ததும் இரத்தம் உறையாமலிருக்க எச்சிலைச் செலுத்தும். குடித்த இரத்தத்தைச் சுண்டவைத்து, மிஞ்சிய நீரையும் எச்சிலாகவே நாயின் உடலுக்குள் திருப்பி அனுப்பும். எர்லிகியா போன்ற நோய்க்கிருமிகள் நாய்க்குள் நுழைவது இந்த எச்சிலின் வழியாகத்தான். உண்ணி நோய் பரப்பும் என்பது புதிய செய்தியல்ல. கொசுவால் மலேரியா பரவுவதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1893இல், அமெரிக்காவின் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் மாடுகளின் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று நிறுவிவிட்டார்கள்.

குளிர்நாடுகளில் கடுங்குளிர் வெளியிலுள்ள உண்ணிகளை அடக்கிவைக்கும். மார்கழியிலும் 20 டிகிரிக்கு அருகே நிற்கும் திருச்சிக்கு அந்த ஓய்வு கிடையாது. வெப்பம் ஏற ஏற முட்டை பொரிவதும் தோலுரிப்பதும் விரைவாகும். முட்டையிலிருந்து முட்டைவரை இரண்டு மூன்று மாதம் போதும்.

தெள்ளுப்பூச்சியின் கதையும் இதுபோலத்தான். ரெசிலின் என்ற மீள்புரதத்தில் விசையைச் சேர்த்துவைத்து அது தாவுவதைக் கண்டு வியக்கிறோம். ஆனால் அதன் முட்டைகள் நாயின் ரோமத்தில் தங்குவதில்லை. பாயிலும் மெத்தையிலும் உதிர்கின்றன. கூட்டுப்புழு காலடி அதிர்வுக்காகக் காத்திருந்து வெளிவரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்ததும் காலில் கடிபடுவது இதனால்தான்.

எனவே பாதுகாப்பை நாயிடமும் வீட்டிடமும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். சுவர் விரிசல்களைப் பூசி அடையுங்கள். நாயின் விரிப்பை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மூலைமுடுக்கெல்லாம் கூட்டிப் பெருக்குங்கள். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றவோ, சூடு வைக்கவோ, நகத்தால் நசுக்கவோ கூடாது. ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் உண்ணியின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. நாயின் எடை பார்த்துக் கால்நடை மருத்துவரே அவற்றைத் தர வேண்டும். நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவவே தடவாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதை எளிதில் முறிக்க முடியாது, உயிரே போகலாம்.

காய்ச்சல், தீனி மறுத்தல், வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம்: இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எர்லிகியாவை வேளையோடு கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மருந்தால் குணப்படுத்தலாம். நாயின் மேல் ஓர் உண்ணியும் தென்படாத மாதத்திலும் மருத்துவர் சொன்ன தவணையை விட்டுவிடாதீர்கள். சுவருக்குள் இருக்கும் அடுத்த தலைமுறை ஏறி வரும்போது, அந்தத் தவணைதான் நாயைக் காக்கும்.