தவம் செய்யும் பூனை

பூனையைச் சொல்லி மனிதரை நையாண்டி செய்வது தமிழிலே பழைய பழக்கம். கல்முனைச் சந்தைக்கு மீன் வாங்கப் போகிறவர் ஒரு காலைப் பொழுதிலேயே இதைக் காதாரக் கேட்கலாம். முடிவெடுக்கத் தயங்குகிறவன் மதில்மேற் பூனை. இரு பக்கத்துக்கும் நல்லவனாக நடப்பவன், பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன். சிடுசிடுத்த முகக்காரர் கடுவன் பூனை. ஒன்றும் அறியாதவர்போல ஓரமாய் நிற்பவரைக் கண்டால், "இந்தப் பூனையும் பால் குடிக்குமா எண்டு நிக்கிறாரு, பாருங்க காக்கா" என்று ஒரு குரல் எழும்.

கடுவன் என்ற சொல் சற்றுச் சுவையானது. தொல்காப்பிய மரபியல் ஆண்குரங்கையே கடுவன் என்கிறது. காட்டுப் பூனையான வெருகைப் பூசை என்று அழைக்கலாம் என்பதும் அங்கேயே உண்டு. குரங்கின் பெயர் பின்னாளில் பூனைக்கும் வந்து சேர்ந்தது. கம்பர் தம் அவையடக்கத்திலே, பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூசையாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். நம் இலக்கியத்திலே அடக்கமான பூனை அது ஒன்றுதான் என்பேன்.

பூனைக்கு மணி கட்டும் கதையை நம்முடையதென்றே பலர் எண்ணுவர். 13ஆம் நூற்றாண்டிலே ஓடோ என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதிய கதைகளுள் அது இருக்கிறது. பத்திரிகைக்காரர் விரும்பி எழுதும் 'பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது' என்பதும் ஆங்கிலேயர் சாக்கிலிருந்து வந்த குட்டியே.

ஆனால், பாசாங்குக்காரரைக் குறிக்கும் உருத்திராட்சப் பூனை நம் மண்ணிலே நெடுங்காலம் வாழ்ந்தது. மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு எனப்படும் 7ஆம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்திலே, பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கியபடி ஒரு பூனை தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். மகாபாரத உத்தியோக பருவத்திலும் இக்கதை வருகிறது. கங்கைக் கரையில் தவக்கோலம் பூண்ட பூனையை நம்பி எலிகள் அடைக்கலம் புக, அவை நாளுக்கு நாள் குறைகின்றன, பூனையோ கொழுக்கிறது. இக்கதையைச் சொல்லுகிறவன் யார் தெரியுமா? துரியோதனன். உலூகனைத் தூது விட்டு, தருமனே அந்தப் பூனை என்று ஏசுகிறான். ஒருவரை உருத்திராட்சப் பூனை என்று நாம் சிரிக்கும்போது, சொல்லுகிறவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தி, உருது பேசுவோரிடமும் இதே பூனை உண்டு. தொள்ளாயிரம் எலியைத் தின்றுவிட்டு அது ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறது! அவ்வூர் முஸ்லிம்களும் தயக்கமின்றிச் சொல்லும் பழமொழி இது. இரு சமயப் பிள்ளைகளுக்கும் தமிழ் படிப்பிக்கும் நான் வகுப்பில் உருத்திராட்சப் பூனையை முதலில் சொல்லி, ஹஜ்ஜுப் பூனையைப் பிறகுதான் சொல்வேன். முறையை மாற்றினால் சிரிப்பு வராது, முகங்கள் மாறும். தன் வீட்டுப் பூனையைத் தானே பரிகசிப்பது ஒன்று, அடுத்த வீட்டுப் பூனையைப் பரிகசிப்பது வேறொன்று. அதிலும், முஸ்லிம் வீடுகளிலே பூனைக்குத் தனி மதிப்புண்டு. நபித்தோழர் அபூஹுரைரா அவர்களின் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்று பொருள். பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்டுக் கொன்ற பெண் தண்டனை பெற்றதைச் சொல்லும் நபிமொழியும் உண்டு.

எஞ்சியிருப்பது இரு பூனைகளுக்குக் குரங்கு அப்பம் பங்கிட்ட கதை. பாலி ஜாதகக் கதையொன்றிலே பூனைகளின் இடத்தில் இரு நீர்நாய்கள், அப்பத்தின் இடத்தில் மீன், குரங்கின் இடத்தில் நரி. தலையை ஒன்றுக்கும் வாலை மற்றதற்கும் கொடுத்துவிட்டு நடுத்துண்டை நரி கொண்டு போகிறது. நம் கரைவலைக்காரருக்கு அப்பத்தைவிட இந்த மீன்கதை எளிதில் விளங்கும்.

2019 ஜூனிலே கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரித் தமிழர் தரப்பில் உண்ணாவிரதம் நடந்தது. முஸ்லிம் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. அந்நாட்களில் இரு தரப்பாரின் தேநீர்க் கடைகளிலும் இந்த அப்பக் கதையை நான் கேட்டேன். இரண்டிடத்திலும் குரங்கு கொழும்பிலேதான் இருந்தது. சொன்னவர் ஒவ்வொருவரும் தம்மவரைப் பூனையாக வைத்துத்தான் சொன்னார். மற்றப் பூனைக்கும் பசித்ததா என்று அங்கே எவரும் கேட்கவில்லை.