விந்தணுக் கொடை: மறைக்கப்பட்ட பெயரும் பிள்ளையின் உரிமையும்

ஆணின் விந்துவில் உயிரணு அறவே காணப்படாத நிலையை மருத்துவம் ‘அசூஸ்பெர்மியா’ என்று குறிக்கிறது. ஒரே ஓர் உயிரணுவை நுண்ணூசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் ‘இக்ஸி’ முறை 1992-இல் வெளியுலகுக்குத் தெரியவந்த பிறகு, உயிரணு உற்பத்தியாகியும் பாதை அடைபட்டிருக்கும் ஆண்களில் பலர் தம் உயிரணுவினாலேயே தந்தையாக முடிகிறது. உற்பத்தியே இல்லாதவருக்கோ, கடுமையான மரபு நோயைப் பிள்ளைக்குக் கடத்திவிடும் அபாயம் உள்ளவருக்கோ வேறோர் ஆணின் விந்தணுவைப் பெறுவது இன்றும் முக்கியமான வழியாக இருக்கிறது.

பதிவான முதல் நிகழ்வு 1884-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. வில்லியம் பான்கோஸ்ட் என்ற மருத்துவர், கணவரிடம் உயிரணு இல்லை எனக் கண்டறிந்து, மனைவியைக் குளோரோபார்மால் மயக்கத்தில் ஆழ்த்தி, மாணவர் ஒருவரின் விந்துவை அவரது கருப்பையில் செலுத்தினார். கணவருக்குப் பின்னர் உண்மை சொல்லப்பட்டது. அவரது விருப்பப்படி மனைவியிடம் அது சொல்லப்படவே இல்லை. 1909-இல் அடிசன் டேவிஸ் ஹார்ட் என்ற மருத்துவர் மருத்துவ இதழொன்றில் எழுதிய கடிதத்தால்தான் உலகம் இதை அறிந்தது. பெண்ணின் ஒப்புதலின்றி அவள் உடலில் செய்யப்பட்ட இச்செயலை மருத்துவச் சாதனை என்று மட்டும் எழுதிக் கடந்துவிட முடியாது. இந்தச் சிகிச்சை ரகசியத்தோடுதான் பிறந்தது, அந்த ரகசியம் நூறாண்டுகள் நீடித்தது.

1949-இல் கிளிசரால் சேர்த்து உயிரணுவை உறையவைக்கலாம் என்பது கண்டறியப்பட்டு, 1953-இல் அமெரிக்காவின் அயோவாவில் உறைந்த விந்தணுவால் கருத்தரிப்பு நிகழ்ந்தபின், கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே நாளில் ஓரிடத்தில் இருக்கவேண்டிய தேவை ஒழிந்தது. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், திரவ நைட்ரஜனில் விந்துவைப் பாதுகாக்கும் வங்கிகள் உருவாயின. எச்.ஐ.வி. போன்ற தொற்று தொடக்கத்தில் சோதனைக்குத் தப்பிவிடக்கூடும் என்பதால், மாதிரியைச் சில மாதங்கள் ஒதுக்கிவைத்து, கொடையாளரை மறுபடி சோதித்த பின்னரே பயன்படுத்தும் வழக்கமும் வந்தது.

பிள்ளையின் பக்கம் நின்று முதலில் சட்டம் இயற்றிய நாடு ஸ்வீடன். 1985 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், கொடையாளர் யார் என்பதைப் பக்குவமடைந்த பிள்ளை அறியலாம் என்றது. பிரிட்டனில் 2005 ஏப்ரல் முதல் பதிவு செய்த கொடையாளரின் அடையாளத்தை, அவர் வழிப் பிறந்தவர் 18 வயதில் கேட்டுப் பெறலாம். அந்நாட்டில் ஆய்வாளர் சூசன் கோலம்போக் குழுவினர், கொடை வழியாகவும் வாடகைத் தாய் வழியாகவும் உருவான குடும்பங்களைப் பிள்ளைகளின் 20 வயது வரை தொடர்ந்து ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவுகளில், ஏழு வயதுக்குள் உண்மை சொல்லப்பட்ட இல்லங்களில் உறவு மேம்பட்டிருந்தது தெரியவந்தது.

இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 21 முதல் 55 வயது வரையுள்ள ஆண்களிடமே விந்து பெறவேண்டும், ஒருவருடையதை ஒரு தம்பதிக்கு மேல் வழங்கக்கூடாது என்கிறது. பிறக்கும் பிள்ளையைச் சிகிச்சை பெற்ற தம்பதியின் பிள்ளையாகவே ஏற்று, கொடையாளரின் பெற்றோர் உரிமைகளை முற்றிலும் நீக்குகிறது. கொடையாளரின் பெயர், முகவரி, ஆதார் எண் ஆகியவற்றை வங்கி பெற்றுவைக்க வேண்டும் என்று விதிக்கும் அதே சட்டம், அவரை அறியும் உரிமையைப் பிள்ளைக்கு அளிக்கவில்லை. தகவல் ஏட்டில் இருக்கும்போது உரியவருக்கு அதை மறுப்பது நியாயமாகாது. நாடாளுமன்றம் இக்குறையைத் திருத்த வேண்டும். அதுவரை காத்திராமல், பெற்றோர் தம் பிள்ளைக்கு விவரம் தெரியத் தொடங்கும் வயதிலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.