உங்களுக்குத் தெரியுமா? வாலைப் பிடித்தால் ஆபரேஷன் பெயர் புரியும்!

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் மருந்துச் சீட்டைத் தேடுவோம், பில்லைத் தேடுவோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் முழ நீளத்துக்கு இருக்கும் ஆபரேஷன் பெயரை மட்டும் படிக்க மாட்டோம். அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியவை. தலைப்பகுதி எந்த உறுப்பு என்று சொல்லும். அதை என்ன செய்தார்கள் என்பது வாலில் இருக்கும். வால்கள் பிடிபட்டால் முக்கால்வாசி பெயர் புரிந்த மாதிரிதான்.

● மூன்று 'டமி'கள்
'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுத்துவிட்டார்கள். 'ஆட்டமி' என்றால் கீறித் திறந்தார்கள், அவ்வளவுதான். 'ஆஸ்டமி' என்றால் புதிதாக ஒரு வாய் வைத்தார்கள். கிரேக்கத்தில் 'ஸ்டோமா' என்றால் வாய். பெருங்குடலையே எடுத்துக்கொள்வோம். கோலெக்டமியில் அதன் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்றுகிறார்கள். கோலாட்டமியில் அதைக் கீறித் திறக்கிறார்கள். கோலாஸ்டமியில் குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் ஒரு பையில் சேர வழிசெய்கிறார்கள். பின்னிரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு 'ஸ்'தான் வித்தியாசம்!

● தைத்தார்களா, வலை வைத்தார்களா?
'ராஃபி' என்றால் தைப்பது. 'பிளாஸ்டி' என்றால் உருவாக்குவது, திருத்தி அமைப்பது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட இருவரில் ஒருவர் தாளில் ஹெர்னியோராஃபி என்றும், இன்னொருவர் தாளில் ஹெர்னியோபிளாஸ்டி என்றும் இருக்கலாம். முதலாமவருக்குப் பலவீனமான இடத்தை அவருடைய தசையை இழுத்தே தைத்திருப்பார்கள். இரண்டாமவருக்குப் பெரும்பாலும் 'மெஷ்' எனப்படும் வலை வைத்திருப்பார்கள். 'ஸ்கோபி' என்றால் உள்ளே பார்ப்பது. 'சென்டீசிஸ்' என்றால் ஊசியால் குத்தி நீர் எடுப்பது. 'பெக்ஸி' என்றால் இறங்கியதை ஏற்றி நிலைநிறுத்துவது.

● கைவேலைக்காரர்கள்
சர்ஜரி என்பதற்கு கிரேக்க மூலத்தில் 'கைவேலை' என்றுதான் பொருள். இங்கிலாந்தில் மருந்து கொடுப்பவர் பட்டம் படித்த டாக்டர், கத்தி பிடிப்பவர் தொழில் பழகிய கைவினைஞர் என்று இரண்டு சாதியாக இருந்தார்கள். 1540-இல் லண்டனில் நாவிதர்களும் சர்ஜன்களும் ஒரே சங்கமாகச் சேர்ந்தார்கள், பிரிந்தது 1745-இல். பிரிட்டனில் இன்றும் பல சர்ஜன்களை 'டாக்டர்' என்று கூப்பிடுவதில்லை, 'மிஸ்டர்' என்றோ 'மிஸ்' என்றோதான் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அது பெருமை!

● அது ஏன் 'தியேட்டர்'?
நிஜமாகவே அங்கே பார்வையாளர்கள் இருந்தார்கள். நடுவில் மர மேசை, சுற்றிலும் படிப்படியாக உயரும் வரிசைகள், அதில் நெருக்கியடித்து நிற்கும் மாணவர்கள். லண்டன் செயின்ட் தாமஸ் தேவாலயத்தின் மேல்மாடத்தில் 1822-இல் கட்டிய அப்படியொரு தியேட்டர் இப்போது அருங்காட்சியகம். அமெரிக்கர்கள் 'ஆபரேட்டிங் ரூம்' என்று மாற்றிக்கொண்டார்கள். நாம் பழைய பெயரை விடவில்லை, 'ஓ.டி.' என்று சுருக்கிக்கொண்டோம்.

● விழித்திருந்த நோயாளி
1809-இல் அமெரிக்காவின் கென்டகியில் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண், சுமார் 10 கிலோ எடையுள்ள சினைப்பைக் கட்டியோடு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குதிரையில் போய் ஆபரேஷனுக்குப் படுத்தார். மயக்க மருந்து கிடையாது. டாக்டர் எஃப்ரைம் மெக்டவல் 25 நிமிடத்தில் கட்டியை எடுத்தார். அந்த அம்மாள் அதன்பின் 32 வருடம் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் அதை 'ஓவேரியாட்டமி' என்றார்கள். உறுப்பை எடுத்த பிறகும் வால் 'ஆட்டமி'யாகவே இருந்தது. இன்றைய பெயர் ஊஃபரெக்டமி. வாலைச் சரியாக மாட்டிவிட்டார்கள்.

● கடிதத்தில் பிறந்த சொல்
1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து, வலி இல்லாமல் ஆபரேஷன் நடப்பதை ஊரறியக் காட்டினார். வித்தை வந்துவிட்டது, பெயர் இல்லை. டாக்டரும் கவிஞருமான ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அவருக்குக் கடிதம் எழுதி 'அனஸ்தீசியா' என்று சொல்லலாமே என்றார். 'உணர்வின்மை' என்று பொருள். அதுவே நிலைத்துவிட்டது.

● குடல்வாலுக்கு இரண்டு ஸ்பெல்லிங்
குடல்வாலை எடுப்பது அமெரிக்காவில் அப்பெண்டெக்டமி, பிரிட்டனில் அப்பெண்டிசெக்டமி. இரண்டும் சரியே. பதிவான முதல் வெற்றி 1735-இல். லண்டனில் கிளாடியஸ் அம்யண்ட் 11 வயதுப் பையனுக்கு குடலிறக்க ஆபரேஷன் செய்யப் போனார். உள்ளே குடல்வால், அதைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டூசி! குடலிறக்கத்துக்குள் குடல்வால் மாட்டியிருந்தால் அதற்கு 'அம்யண்ட் ஹெர்னியா' என்றே இன்றும் பெயர்.

அண்டார்டிகாவின் சோவியத் முகாமில் 1961-இல் ஒரே டாக்டர் லியோனித் ரோகோஸோவ்தான். அவருக்கே குடல்வால் அழற்சி வந்துவிட்டது. இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சக ஊழியர்கள் கண்ணாடி பிடிக்க, தன் குடல்வாலைத் தானே எடுத்தார். சுமார் இரண்டு வாரத்தில் வேலைக்கும் திரும்பிவிட்டார்.

● சீசர் பாவம்!
ஜூலியஸ் சீசர் வயிற்றைக் கிழித்துப் பிறந்ததால்தான் சிசேரியன் என்பது கட்டுக்கதை என்றே கொள்ள வேண்டும். அன்று அப்படிக் கீறினால் தாய் பிழைப்பது அரிது. சீசரின் தாய் அவ்ரேலியாவோ மகன் நாற்பதைத் தாண்டும்வரை உயிரோடு இருந்தார். 'வெட்டு' என்னும் பொருளுள்ள லத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்தது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். தாளில் 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் கீறினார்கள் என்பதுதான் அது. அங்கே சுவர் மெல்லியது. ரத்தமும் குறைவாகப் போகும், தழும்பும் நன்றாக ஆறும்.

● பிளாஸ்டிக் இல்லாத பிளாஸ்டிக் சர்ஜரி
முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கான பேக்கலைட் வந்தது 1907-இல். ஜெர்மன் சர்ஜன் கிரேஃபே 'ரைனோபிளாஸ்டிக்' என்று மூக்கறுவை பற்றிப் புத்தகம் போட்டது 1818-இல்! 'பிளாஸ்டிகோஸ்' என்றால் வனைதல் என்பதே பொருள். இதற்கு வித்திட்டதில் இந்தியாவுக்குப் பங்குண்டு. திப்பு சுல்தானுடனான போரில் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு, புனே நாட்டு வைத்தியர் நெற்றித் தோலை இறக்கி மூக்கு அமைத்தார். அந்தச் செய்தி 1794-இல் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' இதழில் படத்தோடு வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814-இல் லண்டனில் அதே முறையைச் செய்துகாட்டினார்.

● கண்ணுக்குள் ஒரு பருப்பு
'லென்ஸ்' என்றால் லத்தீனில் மைசூர்ப் பருப்பு. 'ஃபேகோஸ்' என்றால் கிரேக்கத்தில் அதே பருப்பு. வடிவம் அப்படி! கண்புரைக்கு இன்று செய்யும் 'ஃபேகோ' ஆபரேஷனில், 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியே ஒரு நுனி போகிறது. அல்ட்ராசவுண்ட் வேகத்தில் அதிர்ந்து, புரை விழுந்த லென்ஸைக் கூழாக்கி உறிஞ்சிவிடுகிறது. சுருட்டிய புது லென்ஸ் அதே வழியாக உள்ளே போய் விரிகிறது. பல் டாக்டரிடம் பல்லைச் சுத்தம் செய்துகொள்ளப் போனபோது, அந்தக் கருவியைப் பார்த்துத்தான் சார்லஸ் கெல்மனுக்கு இந்த யோசனை வந்தது. 1967-இல் அதைச் செய்தும் காட்டினார்.

இந்தப் 'பருப்பை' ஏழைகளுக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்ததில் மதுரைக்குப் பெரும் பங்கு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992 முதல் 'ஆரோலேப்' மூலம் லென்ஸைத் தானே தயாரித்து வருகிறது.

● ஸ்டென்ட் ஒரு மனிதரின் பெயர்
இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கும் இதயத்துக்கும் ஆதியில் சம்பந்தமே இல்லை. சார்லஸ் ஸ்டென்ட் 19-ஆம் நூற்றாண்டு லண்டன் பல் மருத்துவர். பல்லுக்கு அச்செடுக்க அவர் செய்த கலவையை முதல் உலகப் போர்க் காலத்தில் எஸ்ஸர் என்ற சர்ஜன், ஒட்டவைத்த தோல் நகராமல் தாங்கப் பயன்படுத்தினார். தாங்கிப் பிடிக்கும் எதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1986-இல்தான் அது இதயக் குழாய்க்குள் போனது.

● 'ஆஞ்சியோ பண்ணியாச்சு' – எது?
வீட்டுக்கு வீடு கேட்கும் வாக்கியம். ஆனால் பாதிதான் சொல்கிறது. 'கிராம்' என்றால் பதிவு: ஆஞ்சியோகிராமில் அடைப்பு எங்கே என்று படம் பார்க்கிறார்கள். ஆஞ்சியோபிளாஸ்டியில் பலூனை ஊதி அடைப்பை விரிக்கிறார்கள். இதயக் குழாயில் அதை முதலில் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக், 1977 செப்டம்பர் 16, சூரிக் நகரில். அந்தப் பலூன்களின் ஆரம்ப மாதிரிகளைத் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து செய்தார்! பைபாஸுக்கு ஆங்கிலச் சுருக்கம் சி.ஏ.பி.ஜி. டாக்டர்கள் அதைச் சேர்த்துப் படித்து 'கேபேஜ்' என்பார்கள். முட்டைக்கோஸ் பேச்சு காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம்.

● கல்லெடுத்த கோலம்
'லித்தாட்டமி' என்றால் கல்லுக்காகக் கீறுவது. மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி விரித்து வைக்கும் நிலைக்கு 'லித்தாட்டமி பொசிஷன்' என்று பெயர். பிரசவ அறைகளில் இன்றும் அதையே சொல்கிறார்கள். கல் போயிற்று, பெயர் நின்றது. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ், 1658 மார்ச் 26 அன்று சிறுநீர்ப்பைக் கல்லை எடுத்துக்கொண்டு பிழைத்தார். அந்த நாளை ஆண்டுதோறும் விருந்து வைத்துக் கொண்டாட முடிவெடுத்தார். 'லித்தோடிரிப்ஸி' என்றால் கல்லை நொறுக்குவது. அதிர்வலையால் வெளியிலிருந்தே சிறுநீரகக் கல்லை உடைக்கும் முறை 1980-இல் மியூனிக்கில் நடைமுறைக்கு வந்தது. இயந்திரம் செய்தது டோர்னியர் விமானக் கம்பெனி!

● வயிற்றில் ஆபரேஷன், தோளில் வலி
'லபாரா' என்றால் கிரேக்கத்தில் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள மெத்தென்ற இடம். லேப்ராட்டமி அங்கே திறப்பது, லேப்ராஸ்கோபி துளை வழியே பார்ப்பது. பார்க்க இடம் வேண்டுமென்று வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புகிறார்கள். மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்தும். அதற்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு என்பதால் மறுநாள் தோள் வலிக்கலாம். பித்தப்பையை இப்படி முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் எரிக் மியூஹே, 1985-இல்.

● 'டோட்டல்' என்றால் எல்லாமும் அல்ல
'ஹிஸ்டரா' என்றால் கர்ப்பப்பை; எனவே ஹிஸ்டரெக்டமி. முன்னால் 'டோட்டல்' என்று இருந்தால் சினைப்பையும் போய்விட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கர்ப்பப்பையோடு அதன் வாய்ப்பகுதியையும் சேர்த்து எடுத்தார்கள் என்பதுதான் பொருள். சினைப்பைகளையும் எடுத்திருந்தால் ஊஃபரெக்டமி என்று தனியே எழுதியிருப்பார்கள்.

● நம்மூர்க் கண்டுபிடிப்பு
குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை நாம் டியூபெக்டமி என்கிறோம். அமெரிக்காவில் போய்ச் சொன்னால் முழிப்பார்கள். அங்கே 'டியூபல் லைகேஷன்', அதாவது குழாயைக் கட்டுவது. ஆண்களுக்கு வாசெக்டமி. வால் 'எக்டமி' என்று பயமுறுத்தினாலும் விந்துக்குழாயில் வழியைத்தான் அடைக்கிறார்கள். விரைக்குக் கை வைப்பதில்லை, ஆண்மைக்குக் குறைவில்லை.

● தோட்டக்காரர் சொற்கள்
'கிராஃப்ட்' என்பது ஒட்டு மாஞ்செடிக்கும் ஒட்டுத்தோலுக்கும் பொதுவான சொல். 'டிரான்ஸ்பிளான்ட்' என்பது நாற்றைப் பிடுங்கி நடுவது. மனிதரில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954-இல் பாஸ்டனில், ஒரே உருவ இரட்டையர்களுக்கு இடையே நடந்தது. அதனால் உடல் அதைத் தள்ளவில்லை. செய்தவர் ஜோசப் மர்ரி. 1990-இல் நோபல் வந்தது.

● சின்னச் சின்னதாய்...
'கேட்கட்' தையல் நூலுக்கும் பூனைக்கும் தொடர்பில்லை. அது ஆட்டுக் குடல் அல்லது மாட்டுக் குடல். 'பயாப்ஸி' என்றாலே கேன்சர் அல்ல. திசுவை எடுத்துச் சோதிப்பது, அவ்வளவே. 'எலெக்டிவ்' என்றால் வேண்டுமானால் செய்துகொள்ளலாம் என்பதல்ல. அவசரமாக இல்லாமல் நாள் குறித்துச் செய்வது. படுக்கையருகே 'என்.பி.ஓ.' என்று எழுதியிருந்தால் வாய்வழி எதுவும் கூடாது. "ஒரு வாய் காப்பிதானே" என்று ஃப்ளாஸ்கைத் திறக்க வேண்டாம். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம்.

● பெயரை நீங்களும் சொல்ல வேண்டும்!
உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஆபரேஷன் பாதுகாப்புக்கு 19 அம்சப் பட்டியல் தந்தது. மயக்க மருந்துக்கு முன் 'சைன் இன்', கத்தி வைக்கும் முன் 'டைம் அவுட்', நோயாளியை வெளியே கொண்டுபோகும் முன் 'சைன் அவுட்'. முதல் கட்டத்தில் நோயாளியிடமே கேட்பார்கள்: உங்கள் பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்? மார்க்கரால் போட்ட குறி சரியா என்றும் பார்ப்பார்கள். அத்தனை பெரிய டாக்டர்கள் இருக்க நம்மை ஏன் கேட்கிறார்கள் என்று தோன்றலாம். ஆள் மாறுவதையும் பக்கம் மாறுவதையும் தடுக்கத்தான். ஆகவே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "டாக்டர், இதில் எடுக்கிறீர்களா, திறந்து பார்க்கிறீர்களா, தைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தப்பாக நினைக்க மாட்டார்.