மழலையர் வகுப்பில் சேரவிருக்கும் குழந்தைகளுக்கான கைவினை, ஒலி விளையாட்டுகள்

மழலையர் வகுப்பு (எல்.கே.ஜி.) என்றதும் குழந்தைக்கு எழுதப் பழக்க வேண்டும் என்றே பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். ஆனால், பென்சிலைப் பிடிக்கும் முன் விரல் தசைகள் வலுப்பெற வேண்டும். எழுத்தை அறியும் முன் அதன் ஒலியைச் செவி பிரித்தறிய வேண்டும். இவ்விரண்டும் விளையாட்டின் வழியே வளர்கின்றன. குழந்தையின் கேட்கும் திறனிலோ கைத்திறனிலோ குறை இருப்பின், அதனைப் பெற்றோர் முதலில் உணர்வதும் இத்தகைய விளையாட்டுகளின்போதுதான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. அங்கன்வாடிகளின் ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டமும் விளையாட்டையே அடிப்படையாகக் கொண்டது. இளையரசனேந்தல் போன்ற கரிசல் வட்டாரக் கிராமங்களில் இதற்கான பொருள்களை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை.

கைவினை விளையாட்டுகள்

• களிமண் அல்லது பிசைந்த கோதுமை மாவை உருட்டி, தட்டி, கிள்ளி உருவங்கள் செய்தல். இது விரல்களுக்கு வலுவூட்டும்.
• சோளத்தட்டையில் மாட்டு வண்டி, பனையோலையில் காற்றாடி செய்தல். தட்டையின் தோல் விரலைக் கீறும் என்பதால் வெட்டுவதும் சீவுவதும் பெரியவர் வேலை. கோப்பது குழந்தையின் வேலை.
• பழைய நாளிதழைக் கிழித்து ஒட்டுதல். முனை மழுங்கிய கத்தரிக்கோலால் கோட்டின் மேல் வெட்டுதல்.
• புளியங்கொட்டையைப் பெருவிரல், ஆள்காட்டி விரல்களால் எடுத்துப் பல்லாங்குழியில் இடுதல். பென்சில் பிடிப்பதற்கு இதுவே பயிற்சி. பெரியவர் உடனிருக்கும்போது மட்டும் அனுமதிக்கவும்.

ஒலி விளையாட்டுகள்

• கண்ணை மூடச் செய்து, சிரட்டை, பாத்திரம், சாவிக்கொத்து ஆகியவற்றைத் தட்டி எதன் ஒலி எனக் கேட்டல்.
• இரு சிரட்டைகளால் தாளம் தட்டி, அதனைத் திருப்பித் தட்டச் செய்தல்.
• ‘ம-ர-ம்’, ‘அ-ம்-மா’ என எழுத்துக்கு ஒரு கைதட்டல் கொடுத்துச் சொல்லுதல்.
• ‘ப’ என்னும் ஒலியில் தொடங்கும் பொருள்களை வீட்டில் தேடுதல்.
• கழுவிய பூவரச இலையில் பீப்பி செய்து ஊதுதல்.

‘ழ’, ‘ற’ போன்ற ஒலிகள் இவ்வயதில் தெளிவாக வராமலிருப்பது இயல்பு. கேலி செய்யாமல், சரியான உச்சரிப்பை நீங்கள் சொல்லிக் காட்டினால் போதும்.

கைப்பேசிப் பாடல்கள் இவற்றுக்கு ஈடாகா. 2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

தவிர்க்க வேண்டியவை

• குன்றிமணி, ஆமணக்கு விதைகள் அழகானவை. ஆனால் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து விளைவிக்கும் நஞ்சு கொண்டவை. கைவினைக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.
• ஒலி எழுப்பும் பொம்மைகளிலுள்ள பொத்தான் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகும். உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.
• மருந்து முனையுள்ள தீக்குச்சிகளைக் கைவினைக்குக் கொடுக்காதீர்கள்.
• விதை காதில் நுழைந்தால் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றாதீர்கள். ஈரத்தில் விதை ஊதி இறுகும். மூக்கில் நுழைந்தாலும் குச்சி, ஊக்கு கொண்டு எடுக்க முயலாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும்.
• தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறினால், குழந்தையை முன்புறம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு இடையே 5 முறை தட்டவும். வெளிவராவிடில் பின்னால் நின்று மேல்வயிற்றை உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்தவும். இரண்டையும் மாறி மாறிச் செய்தபடியே, 108-ஐ அழைக்க உடனிருப்பவரிடம் கூறவும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• முதுகுப்புறம் நின்று மெல்ல அழைக்கும்போது பலமுறையும் திரும்பாதிருத்தல்
• தொலைக்காட்சி ஒலியை அதிகம் கூட்டுதல் அல்லது பேசுபவரின் முகத்தையே பார்த்துப் புரிந்துகொள்ளுதல்
• 3 வயது முடிந்தும் பேச்சு பிறருக்குப் புரியாதிருத்தல்
• 4 வயதில் நான்கு சொற்கள் கொண்ட வாக்கியம் பேசாதிருத்தல்
• 4 வயதில் வட்டம் வரைய இயலாதிருத்தல், ஒரு கையை மட்டுமே பயன்படுத்துதல்
• காதில் சீழ் வடிதல், அடிக்கடி காதுவலி

‘அடம் பிடிக்கிறான்’, ‘கவனம் இல்லை’ எனக் கருதப்படும் குழந்தைகளில் சிலருக்கு உண்மையில் காது சரியாகக் கேட்பதில்லை. சளிக்குப் பின் நடுக்காதில் நீர் கோத்தாலும் கேட்கும் திறன் குறையும். இது பெரும்பாலும் சரிசெய்யத்தக்கது.

தேசியச் சிறார் நலத் திட்டத்தின் (ஆர்.பி.எஸ்.கே.) மருத்துவக் குழுவினர் அங்கன்வாடி மையங்களுக்கு ஆண்டுக்கு இருமுறை வருகின்றனர். அந்நாளில் குழந்தையைத் தவறாமல் அழைத்துச் சென்று, உங்கள் ஐயத்தை வெளிப்படையாகக் கூறுங்கள். தேவைப்படின், மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்திற்குப் பரிந்துரைப்பர். அடுத்த முகாம் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ 104 மருத்துவ உதவி எண்ணையோ அணுகலாம். செவித்திறன் குறையை எவ்வளவு முன்னதாகக் கண்டறிகிறோமோ, பேச்சு வளர அவ்வளவு வாய்ப்பு மிகுதி.